குழாய் எட்டாத கேஸ்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் டீ குடிக்கும்போது கடைக்கார அண்ணாச்சி கேட்டார்: "எண்ணெய்க் கிணத்துல ராப்பகலா கேஸை எரிக்கானே, அதைப் புடிச்சு சிலிண்டர்ல அடைச்சா ஆகாதா?"

பாதிக் கேள்வி சரி, அண்ணாச்சி. சோடா மூடியைத் திறந்தால் பொங்குகிற மாதிரி, எண்ணெய் மேலே வரும்போது அதில் கரைந்திருந்த கேஸ் பிரிகிறது. அதில் கொஞ்சம் புரொப்பேனும் பியூட்டேனும் இருக்கும். அழுத்தினால் திரவமாகிவிடும், சிலிண்டரில் அடைப்பது அதைத்தான். ஆனால் பெரும்பங்கு மீத்தேன். நம் ஊர் வெயிலில் எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாகாது. மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர வைத்தால்தான் 600-ல் ஒரு பங்காகச் சுருங்கும்.

திருவனந்தபுரத்துக்கு மீத்தேன் அப்படித்தான் வருகிறது. 2021-ல் திறந்த கெயில் குழாய் கொச்சியிலிருந்து வடக்கே மங்களூருக்குப் போய்விட்டது. நமக்கு டேங்கர் லாரிதான். கொச்சுவேளியில் இறக்கி மறுபடி வாயுவாக்குகிறார்கள். எண்ணெய் வயலில் இதே தொல்லை தலைகீழாக. கேஸ் உண்டு, குழாய் இல்லை. சின்னக் கிணற்றுக்குக் குழாய் போட்டால் கட்டுப்படியாகாது. அதனால்தான் கொளுத்துகிறார்கள். சும்மா திறந்துவிட்டால் இன்னும் மோசம்: நூறாண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு சூடேற்றும். உலக வங்கிக் கணக்குப்படி 2023-ல் மட்டும் உலகம் முழுக்க இப்படிக் கொளுத்தியது 14,800 கோடி கன மீட்டர்.

கேஸைச் சுமப்பதைவிட அங்கேயே வேலை வாங்குவது எளிது. நாகப்பட்டினம் பக்கம் நரிமணத்தில் தமிழ்நாடு மின்வாரியம் 1990-களின் தொடக்கத்திலேயே 10 மெகாவாட் கேஸ் டர்பைன் வைத்தது. கம்பி வழியே மின்சாரமாக அனுப்பிவிட்டால் லாரியும் வேண்டாம், குழாயும் வேண்டாம். மேல் அசாமில் இன்னும் அழகு. 1962-ல் தொடங்கிய அசாம் கேஸ் கம்பெனி தேயிலைத் தொழிற்சாலைகளுக்குக் கேஸ் கொடுக்கிறது, இலை உலர்த்த. நம் மூணாறில் அந்த வேலைக்கு விறகு.

"டீசலாவே மாத்தலாம்னு சொல்லுதாங்களே?"

மாற்றலாம். மீத்தேனை உடைத்து கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் ஆக்கி, வினையூக்கியில் ஓட்டினால் டீசலோ மெத்தனாலோ கிடைக்கும். நிலக்கரியிலிருந்து எடுத்த அதே வாயுக்களை வைத்து ஜெர்மனியில் 1920-களிலேயே இதைச் செய்தார்கள். கத்தாரில் அதற்கு ஒரு நகரம் போல ஆலை. அதைக் கண்டெய்னர் அளவுக்குச் சுருக்கப் பார்க்கிறார்கள். ஆலை சுருங்குகிற அளவுக்குச் செலவு சுருங்க மறுக்கிறது. கிணற்றிலும் வருஷத்துக்கு வருஷம் கேஸ் குறையும். என் கையில் பணம் இருந்தால் டிரெய்லரில் ஏற்றிய ஜெனரேட்டர்தான் வாங்குவேன். கிணறு வற்றினால் அடுத்த கிணற்றுக்கு இழுத்துக்கொண்டு போகலாம்.