பசித்தவன் நாவும் பரிமாறுபவன் மனமும்



பிறர் குற்றத்தைச் சொல்லித் தொடங்குவதைவிட என் குற்றத்தைச் சொல்லித் தொடங்குவதே முறை என எண்ணுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ரமலான் மாதத்தில் ஒரு மாலை, வெளியூர் சென்று திரும்பிக்கொண்டிருந்தேன். மஃரிபு நேரம் நெருங்கியது. நெடுஞ்சாலையோரத்துத் துரித உணவகம் ஒன்றில் வண்டியை நிறுத்தி, நோன்பு திறப்பதற்காக உணவுக்குச் சொன்னேன். பணத்தைப் பெற்றுக்கொண்டு எண் எழுதிய சீட்டைக் கொடுத்தார்கள். எனக்குப் பின் வந்தவர்களின் எண்கள் எல்லாம் அழைக்கப்பட்டன. என் எண் மட்டும் வரவில்லை. நேரம் நெருங்க நெருங்க என் பொறுமையும் தேய்ந்தது. முகப்பில் நின்ற இளைஞனிடம் சென்று, “நோன்பாளியைக் காக்க வைப்பதற்காகவா கடை திறந்திருக்கிறீர்கள்?” என்று நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படிக் கடிந்துகொண்டேன்.

அவன் எதிர்த்துப் பேசவில்லை. “மன்னித்துக்கொள்ளுங்கள் ஹஜ்ரத்” என்றான். என் தாடியையும் தொப்பியையும் கண்டு அப்படி அழைக்கிறான் என்றே அப்போது நினைத்தேன்.

உணவு வந்தது; நேரமும் வந்தது. நான் பேரீச்சம்பழத்தை வாயிலிட்டேன். அவன் மேசைக்கு அடியிலிருந்து ஒரு தண்ணீர்ப் புட்டியை எடுத்தான். உதடுகள் மெல்ல அசைந்தன. ஒரே ஒரு மிடறு பருகிவிட்டு, புட்டியை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, அடுத்த எண்ணை அழைத்தான்.

அவனும் நோன்பாளி! நான் பசியோடு காத்திருந்தேன். அவன் பசியோடு பரிமாறிக்கொண்டிருந்தான். நானோ வெட்கம் மேலிட, ஒரு வார்த்தையும் சொல்லாமல் வண்டியில் ஏறிவிட்டேன்.

அன்று முதல் ஒரு கேள்வி என்னைத் தொடர்ந்து வருகிறது. வீட்டில் கண்ணியமாகப் பேசுபவர்களும், பள்ளிவாசலில் பணிவே உருவாக நிற்பவர்களும், உணவு வாங்கும் இடத்தில் மட்டும் ஏன் இப்படி மாறிப்போகிறோம்?

இது நம் நாட்டில் மட்டும் காணப்படும் நோயன்று. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்துப் பார்மா நகரில் 2023 செப்டம்பரில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. துரித உணவகம் ஒன்றில் தமக்குத் தந்த உணவு சரியில்லை எனக் கூச்சலிட்ட ஒரு பெண்மணி, அந்த உணவுக் கிண்ணத்தை அங்கு பணிபுரிந்த பெண்ணின் முகத்திலேயே வீசியெறிந்தார். வழக்கு திமோதி கில்லிகன் என்னும் நீதிபதியிடம் வந்தது. சிறைத் தண்டனை விதித்த அவர், அதில் 60 நாள்களைக் குறைத்துக்கொள்ள ஒரு வழியும் கூறினார். இரண்டு மாத காலம், வாரத்துக்கு 20 மணி நேரம், அந்தப் பெண்மணியே ஒரு துரித உணவகத்தில் வேலை பார்க்க வேண்டும் என்பதே அவ்வழி. அவரும் அதற்கு உடன்பட்டார். பிறர் நிற்கும் இடத்தில் நின்று பார்த்தாலன்றிப் பிறர் வேதனை விளங்காது என்பதை அந்த நீதிபதி உணர்ந்திருந்தார்.

இதைவிடக் கொடியதும் உண்டு. கொள்ளை நோய் பரவிய 2020ஆம் ஆண்டின் மே மாதத்தில், ஒக்லஹோமா நகரத்து உணவகம் ஒன்றில், உள்ளே அமர்ந்து உண்ண அனுமதியில்லை என்று சொன்னதற்காக ஊழியர்கள்மீது துப்பாக்கிச் சூடே நடந்தது. அந்த விதியை இயற்றியவர்கள் அந்த ஊழியர்கள் அல்லர். ஆயினும் குண்டு பாய்ந்தது அவர்கள்மீதுதான்.

ஏன் இந்தக் கடுமை? காரணங்களை ஒவ்வொன்றாகச் சிந்திப்போம்.

முதற்காரணம், அவசரம். இந்த உணவகங்களின் வரலாற்றிலேயே அது ஊறியிருக்கிறது. கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோ நகரில் ரிச்சர்டு, மாரிஸ் என்னும் மெக்டொனால்டு சகோதரர்கள், நன்றாக நடந்துகொண்டிருந்த தங்கள் உணவகத்தை 1948இல் மூடி, புதிய முறையில் மீண்டும் திறந்தார்கள். வண்டிகளின் அருகே வந்து பரிமாறிய பணிப்பெண்களை நீக்கினார்கள். உணவு வகைகளைச் சிலவாகச் சுருக்கினார்கள். தட்டுகளுக்குப் பதிலாகக் காகித உறைகள் வந்தன. சமையற்கூடத்தைத் தொழிற்சாலைபோல் பிரித்து, ஒருவருக்கு ஒரே வேலை என்று வகுத்தார்கள். விலை 15 சென்ட். கேட்டவுடன் உணவு கையில். அந்த முறை உலகெங்கும் பரவி, 1996இல் தில்லிக்கும் மும்பைக்கும் வந்து சேர்ந்தது. இங்கு விற்கப்படுவது உணவு மட்டுமன்று, வேகமும்தான் என்பதைக் கவனியுங்கள். வீட்டில் சோறு வெந்து வரும்வரை அரை மணி நேரம் பொறுத்திருக்கும் மனிதன், வேகத்தை விலைக்கு வாங்கிய இடத்தில் ஐந்து நிமிடத் தாமதத்தையும் மோசடியாகக் கருதுகிறான்.

இரண்டாவது காரணம், முகமறியாமை. நம் ஊர்களில் பழைய உணவுக்கடைகளில் கல்லாவில் உரிமையாளர் இருப்பார். பரிமாறுபவரின் பெயரும் ஊரும் நமக்குத் தெரியும். அவருக்கும் நம் பிள்ளைகளைத் தெரியும். நாளையும் அவர் முகத்தில் விழிக்க வேண்டுமே என்ற நாணம் நம் நாவைக் கட்டும். துரித உணவகத்திலோ எல்லோருக்கும் ஒரே சீருடை, ஒரே தொப்பி. இப்போது அந்த அறிமுகமும் குறைந்துவிட்டது. கைப்பேசியிலேயே கேட்கிறோம், கைப்பேசியிலேயே பணம் செலுத்துகிறோம். ஏதேனும் பிழை நேர்ந்தால்தான் ஒரு மனிதனோடு பேசுகிறோம். ஆகவே, அவன் நம்மிடமிருந்து கேட்கும் முதற்சொல்லே குற்றச்சாட்டாக அமைந்துவிடுகிறது.

மூன்றாவது, கோபம் இடம் மாறுதல். விலையை உயர்த்தியது நிறுவனம். நான்கு பேர் செய்ய வேண்டிய வேலைக்கு இருவரை நிறுத்தியதும் நிறுவனம். அந்த நிறுவனத்தின் அதிபரை நாம் காண முடியாது. காணக் கிடைப்பவன் முகப்பில் நிற்கும் பையன் ஒருவனே. அதிபருக்குச் சேர வேண்டிய வசையெல்லாம் அவன் தலையில் விழுகிறது. அலுவலகத்தில் மேலதிகாரியிடம் வாய் திறவாமல் வாங்கி வந்த ஏச்சையும் சிலர் அங்கேதான் இறக்கி வைக்கிறார்கள்.

நான்காவது காரணம்தான் அனைத்திலும் கொடியது. அவன் திருப்பிப் பேச மாட்டான் என்று நமக்குத் தெரியும். சிரித்த முகத்தோடு நிற்க வேண்டும் என்பது அவன் வேலையின் நிபந்தனை. ஆர்லி ஹாக்ஷில்டு என்னும் அமெரிக்கச் சமூகவியல் அறிஞர், விமானப் பணிப்பெண்களின் வாழ்வை ஆராய்ந்து 1983இல் ஒரு நூல் வெளியிட்டார். உள்ளத்தில் உள்ளதை மறைத்து, இல்லாத மலர்ச்சியை முகத்தில் வருவித்து நிற்பதும் ஓர் உழைப்பே என்று அவர் விளக்கினார். உணர்ச்சி உழைப்பு என அதற்குப் பெயரிட்டார். கை உழைத்தால் இரவில் உறங்கி எழுந்தால் தீரும். மானத்தை விழுங்கிச் சிரிக்கும் உழைப்பு அவ்வளவு எளிதில் தீருமா?

காவல் அதிகாரியிடமும் மருத்துவரிடமும் நாம் இப்படிப் பேசுவதுண்டா? அங்கும் தாமதம் நேர்கிறது. அங்கும் பிழை நேர்கிறது. ஆனால் அங்கெல்லாம் நமக்குப் பொறுமை வந்துவிடுகிறது! அப்படியானால் நாம் இழப்பது பொறுமையை அன்று. அஞ்ச வேண்டியதில்லாத இடம் பார்த்து அதைக் கைவிடுகிறோம் என்பதே உண்மை.

இனி, அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்வைப் பாருங்கள். அன்னார் எந்த உணவையும் ஒருபோதும் குறை கூறியதில்லை. விரும்பினால் உண்பார்கள், இல்லையெனில் விட்டுவிடுவார்கள் என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களோ, தம்மை நோக்கிச் சலிப்பான ஒரு சொல்லைக்கூட நபியவர்கள் மொழிந்ததில்லை என்று நினைவுகூர்கிறார்கள். பத்து நாள் அன்று, பத்தாண்டுகள்! அந்தப் பத்தாண்டுகளில் தாமதம் நேர்ந்திருக்காதா? மறதி நேர்ந்திருக்காதா? அனஸ் (ரலி) அவர்கள் அப்போது சிறுவர்தாமே!

உணவு கொண்டுவரும் பணியாளனைப் பற்றி நேரடியாகவே நபியவர்கள் போதித்திருக்கிறார்கள். அவனை உடன் அமர்த்தி உண்ணச் செய்ய இயலாவிடினும், அந்த உணவிலிருந்து ஒரு கவளமோ இரு கவளமோ அவனுக்குத் தர வேண்டும் என்றார்கள். காரணமும் சொன்னார்கள்: அதைச் சமைத்த வெப்பத்தைத் தாங்கியவன் அவன். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான இந்தப் போதனை, கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியின் முன் எட்டு மணி நேரம் நிற்கும் இன்றைய இளைஞனுக்கும் பொருந்தாதா? கவளம் தருவது ஒருபுறம் இருக்கட்டும். கடுஞ்சொல் தராமலாவது இருக்கலாமே!

“கொடுத்த காசுக்குச் சரியான உணவைக் கேட்பது என் உரிமையல்லவா?” என்று நீங்கள் வினவலாம். ஐயமின்றி உரிமைதான். கடனைத் திருப்பிக் கேட்டு ஒருவர் நபியவர்களிடமே கடுமையாகப் பேசினார். சினந்தெழுந்த தோழர்களைத் தடுத்த நபியவர்கள், உரிமையுடையவருக்குப் பேச இடமுண்டு எனக் கூறி, அவருக்குச் சேர வேண்டியதைவிட மேலான ஒட்டகத்தையே கொடுக்கச் செய்தார்கள். ஆகவே குறையைச் சொல்வதை மார்க்கம் தடுக்கவில்லை. ஆனால் விற்கும்போதும், வாங்கும்போதும், தனக்குரியதைக் கேட்கும்போதும் மென்மையாக நடப்பவனுக்கே இறையருள் வேண்டி நபியவர்கள் இறைஞ்சினார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. கேட்பது உரிமை, கேட்கும் விதத்தில்தான் ஈமானின் மணம் வீசுகிறது.

2019 ஜூலையில் ஜபல்பூரில் ஒருவர், உணவு கொண்டுவருபவர் தம் மதத்தைச் சேராதவர் என்பதற்காக அந்த உணவை வேண்டாமென்றார். உணவுக்கு மதமில்லை என்று அந்த நிறுவனம் பதில் கூறியது நாடெங்கும் பேசப்பட்டது. அச்செய்தியைப் படித்து நாம் நெஞ்சம் நொந்தோம். நொந்த நாம், நம் வீட்டு வாசலுக்கு உணவு கொண்டுவரும் இளைஞனை எப்படி நடத்துகிறோம்? வெயிலில் வந்தவனுக்கு ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்தோமா? அவன் தமிழ் பேசத் தெரியாமல் தடுமாறினால் நம் பிள்ளைகள் முன்னிலையில் ஏளனம் செய்கிறோமா? பிள்ளைகள் நம் உபதேசத்தைக் கேட்பதைவிட, வாசலில் நாம் பேசும் தொனியைத்தான் கூர்ந்து கேட்கிறார்கள்.

அரசுகள் ஊதியத்தை உயர்த்தலாம். 2024 ஏப்ரல் 1 முதல் பெரிய துரித உணவகத் தொடர்களின் ஊழியருக்கு மணிக்கு 20 டாலர் குறைந்தபட்ச ஊதியம் எனக் கலிஃபோர்னியா சட்டம் செய்தது. நல்லதே. ஆனால் மரியாதையை எந்தச் சட்டமும் வாங்கித் தந்துவிட முடியாது. அது வாங்க வருபவனின் நாவிலிருந்து வர வேண்டும்.

செய்ய வேண்டியவை அரியவை அல்ல. முகப்பில் நிற்பவரைப் பார்த்து முதலில் ஸலாமோ வணக்கமோ சொல்லுங்கள். பிழை நேர்ந்தால் குரலைத் தாழ்த்தி, பிழையை மட்டும் சொல்லுங்கள். செய்தவரின் அறிவையும் பிறப்பையும் இழுக்காதீர்கள். கோபம் மிகுந்தால் ஒரு மிடறு தண்ணீர் பருகிவிட்டுப் பேசுங்கள். நோன்பு வைத்திருந்தால், நோன்பாளி என்பதை உங்களுக்கு நீங்களே நினைவூட்டிக்கொள்ளுங்கள். அந்நேரத்தில் எனக்கு அந்த நினைவு வந்தது உண்மைதான். ஆனால் அதை அவனை ஏசுவதற்கே பயன்படுத்தினேன்.

தொழுகையும் நோன்பும் ஸக்காத்துமாக மறுமை நாளில் வந்து நிற்கும் ஒருவன், பிறரை ஏசியதற்காகவும் துன்புறுத்தியதற்காகவும் அந்த நன்மைகளையெல்லாம் அவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு வெறுங்கையனாக நிற்பான் என நபியவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். அடியாருக்குச் செய்த தீங்கை அந்த அடியாரே மன்னிக்க வேண்டும். அதனால் அடுத்த மாதமே அந்த நெடுஞ்சாலை உணவகத்துக்கு மீண்டும் சென்றேன். அந்த இளைஞன் அங்கே இல்லை. வேலையை விட்டுப் போய்விட்டான் என்றார்கள். எந்த ஊர் என்று அங்கிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. அவனுடைய பெயரைக்கூட நான் கேட்டு வைத்திருக்கவில்லை.

அவனுக்காகத் துஆச் செய்வதைத் தவிர எனக்கு இப்போது வேறு வழியில்லை. உங்களுக்கோ இன்னும் வழியிருக்கிறது. நீங்கள் கடிந்துகொண்டவர் இன்றும் அதே முகப்பில் நின்றுகொண்டிருக்கக்கூடும்.

மென்மையை விரும்பும் வல்ல இறைவன், நம் நாவுகளுக்கும் அந்த மென்மையை அருள்வானாக! ஆமீன்.