உள்ளே விடாத மண், கசிய விடும் பானை

சென்னை கே.கே. நகரில் எங்கள் வீட்டு வாசலில் மழைநீர்க் கிணறு எடுத்தபோதுதான், எந்த மண்ணின் மேல் இத்தனை வருஷம் குடியிருக்கிறோம் என்பதையே பார்த்தேன். மேலாக்கக் கொஞ்சம் கட்டட இடிபாடு. அதற்குக் கீழே கருஞ்சாம்பல் நிறத்தில் களிமண். வெட்டிய இடம் அல்வா போல மினுமினுத்தது. ஆனால் மண்வெட்டியை விட்டுப் பிரிய மறுத்தது. வேலை செய்த பெரியவர் ஒவ்வொரு வெட்டுக்கும் அதைக் கையால் வழித்துப் பாண்டில் போட வேண்டியிருந்தது. “இது தண்ணிய உள்ள விடாது சார். இதத் தாண்டி மணலு வர்ற வரைக்கும் போவணும்” என்றார். ஆள் உயரத்துக்கும் கீழே போன பிறகுதான் மணல் தட்டியது.

சாந்தோம், திருவான்மியூர் பக்கம் கடலோர மணல். கிண்டி, வேளச்சேரி பக்கம் பாறை. தி.நகர், மேற்கு மாம்பலம், விருகம்பாக்கம் வட்டாரம் முழுக்கக் களிமண். நாம் அதன் நடுவில் இருக்கிறோம். கடற்கரைப் பக்கத்து மணல் குடித்துவிடுகிற மழை, பி.டி. ராஜன் சாலையில் தேங்கி நிற்பதற்கு வடிகால் மட்டும் காரணம் அல்ல. மணலில் இறங்கும் வேகத்தோடு ஒப்பிட்டால், களிமண்ணில் தண்ணீர் லட்சம் மடங்கு மெதுவாகவே இறங்கும். தமிழக அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது 2003-ல். நம் பகுதியில் மூன்றடி தோண்டி, ஜல்லியைக் கொட்டி மூடிவிட்டால் போதாது. களிமண்ணுக்குள்ளேயே முடிந்துபோகும் குழி, வெறும் தொட்டிதான்.

ஏன் இப்படி? களிமண்ணின் துகள் இரண்டு மைக்ரானுக்கும் சிறியது. தலைமுடி ஒன்றின் குறுக்கே இப்படி முப்பதுக்கு மேல் வரிசையாக நிற்கலாம். அதுவும் மணல் போல உருண்டை அல்ல. அலுமினியம், சிலிக்கன், ஆக்சிஜன் சேர்ந்த மெல்லிய தகடு. கழுவிய ஈரத்தோடு இரண்டு எவர்சில்வர் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். மேலே தூக்கினால் பிரியாது. பக்கவாட்டில் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகும். களிமண் பிசையப் பிசைய இணங்குவதும், கொடுத்த வடிவத்தை விடாமல் வைத்திருப்பதும் இதனால்தான். தகடுகளின் பரப்பில் எதிர்மின்னேற்றம் இருப்பதால் நீர் அங்கே பிடிவாதமாக ஒட்டுகிறது. மழைக்கு உப்பிக் கோடைக்குச் சுருங்கிச் சுவரில் விரிசல் விடுகிற களிமண்ணில் இருப்பது மான்ட்மோரில்லோனைட் என்ற கனிமம். அதில் ஒரே ஒரு கிராமின் தகடுகளையெல்லாம் பிரித்துப் பரப்பினால் சுமார் 750 சதுர மீட்டர் வரும். சென்னைக் கணக்கில் மூன்று கிரவுண்டுக்கு மேல்! அவ்வளவு பரப்பும் நீரைப் பற்றிக்கொண்டு உப்பி, இருந்த இடுக்குகளையும் அடைத்துவிடுகிறது. பின்னால் வரும் நீருக்கு வழி ஏது? ஏரிக்கரையின் உடலில் களிமண்ணை வைத்து மிதித்து இறுக்கியவர்கள் இதைக் கைப்பழக்கத்திலேயே அறிந்திருந்தார்கள்.

இதே மண் சூளைக்குப் போய் வந்தால் குணம் தலைகீழ். 500, 600 டிகிரி செல்சியஸ் வாக்கில், தகடுகளின் கட்டமைப்பிலேயே இருந்த ஹைட்ராக்சில் நீராவியாக வெளியேறிவிடும். 800-ஐத் தாண்டும்போது ஓரங்கள் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். இனி எத்தனை நாள் ஊற வைத்தாலும் அது சேறாகாது. ஆனால் நீர் இருந்த இடங்களெல்லாம் நுண்துளைகளாக நிற்கும். தண்ணீரை உள்ளே விடாத மண், இப்போது கசிய விடுகிறது. (ஊறுகாய் ஜாடிக்கு மெருகுப்பூச்சு கொடுப்பது இந்தத் துளைகளை அடைக்கத்தான், இல்லாவிட்டால் எண்ணெய் வெளியே வந்துவிடும்.)

பானைத் தண்ணீரின் குளிர்ச்சி அந்தக் கசிவில்தான் இருக்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அதைப் பானையிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஒரு லிட்டரில் 10 மில்லி ஆவியானால், வெளிச்சூடு உள்ளே வராத பட்சத்தில், மீதி நீர் கிட்டத்தட்ட ஆறு டிகிரி குளிரும்.

ஊரில் குடித்த பானைத் தண்ணீர் போல இங்கே இல்லையே என்று சொல்கிறவர்கள் பானையைக் குறை சொல்ல வேண்டாம். எவ்வளவுதான் ஆவியானாலும் ‘ஈரக்குமிழ் வெப்பநிலை’ என்ற எல்லைக்குக் கீழே நீர் குளிராது. வேலூரின் 42 டிகிரி வெயிலில் காற்றின் ஈரப்பதம் 20 சதவீதம் இருந்தால் அந்த எல்லை சுமார் 24 டிகிரி. சென்னையில் 35 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 65 சதவீதம் என்றால் எல்லை 29! வேலூரில் ஜில்லென்று இருப்பது இங்கே வெதுவெதுப்பு தணிந்ததாக மட்டும் இருக்கும். ஆகவே பானையைச் சமையலறை மூலையில் அடைக்காமல் காற்று வரும் ஜன்னலோரம் வையுங்கள். சோப்பு போடாதீர்கள், துளைகள் அதைக் குடித்துவிடும். போர்வெல் நீரின் உப்பு வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்தால் தேங்காய் நாரால் தேய்த்துவிடுங்கள். உப்பு துளையை அடைத்த பானை வெறும் பாத்திரம்.

சூளை செய்யும் வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க விரும்பினால் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். நம் பல்லாவரத்துப் பக்கம் கிடைத்த சுடுமண் ஈமப்பேழைகளில், அடியில் கால்கள் வைத்து அவற்றைச் செய்தவரின் கைவேலை இன்னும் அப்படியே நிற்கிறது. பெருங்கற்காலத்து மண்! சூளை காணாத மண்ணைப் பார்க்கச் சதுர்த்தி நாள் போதும். புரசைவாக்கம் பக்கத்துக் கொசப்பேட்டையில் மாதக்கணக்கில் விநாயகர் தயாராகிறார் என்றால், நம் தெருமுனையில் ஒரு நிமிஷத்தில். அச்சில் ஈரக்களிமண்ணை அப்பி, கட்டைவிரலால் மூலைகளில் அழுத்தி, மனைப்பலகையில் கவிழ்த்து, குன்றிமணியைக் கண்ணாகப் பதித்து, காகிதக் குடையைச் சொருகித் தருகிறார்கள்.

மூன்றாம் நாள் அவரை வாளித் தண்ணீரில் இறக்குவோம். முதலில் காதோரம் குமிழி வரும். பிறகு தும்பிக்கை நெகிழும். காலையில் வாளியடியில் வண்டல் மட்டும். குன்றிமணிகளைப் பொறுக்கிக்கொண்டு, மண்ணைத் துளசித் தொட்டியில் ஊற்றுவாள் என் மனைவி. அந்தத் தொட்டியின் அடித்துளையை மூடியிருப்பது போன வருஷம் உடைந்த பானையின் ஓட்டாஞ்சில்லு.