கேட்கும் முன் பெயரைச் சொல்லுங்கள்

வெள்ளிக்கிழமை பிற்பகல். நாங்கள் எழுதி முடித்த மென்பொருளைப் பெறவிருந்த நிறுவனத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. "உங்கள் மென்பொருளுக்குள் பிறர் எழுதிய நிரல்கள் எவை? ஒவ்வொன்றின் உரிமம் என்ன? ஏதாவது ஒன்று திரும்பப் பெறப்பட்டிருக்கிறதா? திங்கட்கிழமை காலைக்குள் பட்டியல் வேண்டும்."

இன்று எந்த மென்பொருளையும் ஒருவரே முழுக்க எழுதுவதில்லை. தேதியைக் கணக்கிட ஒன்று, கோப்பைச் சுருக்க ஒன்று எனப் பிறர் எழுதி இலவசமாக வைத்திருக்கும் நிரல்களை எடுத்துச் சேர்த்துக்கொள்கிறோம். நாங்கள் பயன்படுத்தும் ரஸ்ட் மொழியில் அவற்றுக்கு 'கிரேட்', அதாவது பெட்டி என்று பெயர். கிரேட்ஸ்.ஐஓ என்ற பொதுக் களஞ்சியத்தில் அவை இருக்கின்றன. நாங்கள் விரும்பி எடுத்தவை 27 பெட்டிகள்தான். அவை தமக்குத் தேவையென்று இழுத்து வந்தவற்றையும் சேர்த்து எண்ணினால் 312!

ஒவ்வொன்றின் பக்கத்தையும் திறந்து பார்த்தால் சனி, ஞாயிறு இரண்டும் போய்விடும். ஆனால், மனிதர்கள் பார்க்கும் பக்கங்களைத் தவிர, நிரல்கள் கேள்வி கேட்பதற்கென்றே களஞ்சியத்தில் ஒரு தனிச் சாளரம் உண்டு. அதைத்தான் ஏபிஐ என்கிறோம். பெட்டியின் பெயரைச் சொல்லிக் கேட்டால் அதன் பதிப்புகள், உரிமம், வெளியான நாள் எல்லாம் வந்துவிடும்.

பத்து வரியில் முடியும் வேலை என்று நானே ஒரு நிரலை எழுதி ஓட்டினேன். வந்த பதில் 403. அனுமதி இல்லை!

பக்கத்து மேசைத் தம்பி எட்டிப் பார்த்தார். "அண்ணே, யார் கேட்கிறாங்கன்னு பெயரே சொல்லலையே?"

கேட்கும் நிரல் 'யூசர் ஏஜென்ட்' என்ற குறிப்பில் தன்னை அடையாளம் காட்ட வேண்டும் என்பது அந்தக் களஞ்சியத்தின் விதி. என் நிரல் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தது. பெயரைச் சேர்த்தேன். அடுத்து, 312 கேள்விகளையும் ஒரே மூச்சில் அனுப்பும்படி மாற்றி, பொத்தானை அழுத்தப் போனேன்.

"நில்லுங்க அண்ணே! விநாடிக்கு ஒரு கேள்விதான். மீறினா நம்மைத் தடுத்துடுவாங்க. அப்புறம் திங்கட்கிழமை எதைக் கொடுப்பீங்க?"

வரிசையில் நிற்கத் தெரிந்த உதவியாளர்

அவர் காட்டியது இந்தக் களஞ்சியத்திடம் கேள்வி கேட்பதற்கென்றே யாரோ எழுதி வைத்த ஒரு நிரலகம். அதன் பெயரும் 'கிரேட்ஸ் ஐஓ ஏபிஐ' தான். அதுவும் அதே களஞ்சியத்தில் உள்ள ஒரு பெட்டி!

அதைத் தொடங்கும்போதே இரண்டு விவரங்களைக் கேட்கிறது: உன் பெயர் என்ன, இரண்டு கேள்விகளுக்கு இடையே எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும்? இரண்டையும் கொடுக்காமல் அடுத்த அடி வைக்க முடியாது. பலதுறை மருந்தகத்தில் எண் சீட்டு எடுத்துக் காத்திருப்பதைப் போல, அது தானே வரிசையில் நின்று ஒவ்வொன்றாகக் கேட்கிறது. பதிலையும் பிரித்து, உரிமம் இது, நாள் இது என்று அடுக்கிக் கொடுக்கிறது.

312 கேள்விகளுக்கு 5 நிமிடத்துக்குச் சற்று அதிகமாகப் பிடித்தது. கீழே போய் ஒரு தே ஓ வாங்கி வருவதற்குள் பட்டியல் தயார்.

அந்தப் பட்டியல்தான் என்னைத் திடுக்கிட வைத்தது. நாங்கள் பயன்படுத்திய இரண்டு பதிப்புகள் திரும்பப் பெறப்பட்டிருந்தன. திரும்பப் பெற்றாலும் களஞ்சியம் அவற்றை அழித்துவிடுவதில்லை. புதிதாக வருபவர்களுக்குத் தராதே என்று குறித்து வைக்கிறது. ஏற்கெனவே பதிப்பு எண்ணைப் பூட்டி வைத்திருப்பவர்களுக்குத் தொடர்ந்து கொடுக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் வேலை ஒரே நாளில் நின்றுவிடக் கூடாதே! அதனால்தான் எங்கள் மென்பொருள் எந்த முணுமுணுப்பும் இல்லாமல் ஓடியது. கேட்டிருக்காவிட்டால் தெரிந்தே இருக்காது. சனிக்கிழமை இரண்டையும் மாற்றினோம். ஞாயிற்றுக்கிழமை சோதித்தோம். திங்கட்கிழமை காலை பட்டியலைக் கொடுத்தோம்.

மூடப்பட்ட சாளரம்

விநாடிக்கு ஒரு கேள்வி என்பது கஞ்சத்தனம் என்றுதான் முதலில் நினைத்தேன். பைத்தான் மொழியின் களஞ்சியமான பைபிஐ-க்கு நேர்ந்ததை அறிந்த பிறகு மனம் மாறியது. அங்கே 'பிப் சர்ச்' என்று தட்டினால் போதும், வேண்டிய தொகுப்பைத் தேடித் தரும். எங்கெங்கோ இருந்த தானியங்கி நிரல்கள் அந்தத் தேடல் சாளரத்தை ஓயாமல் தட்டின. சுமை தாங்காமல் 2020 டிசம்பரில் அதை மூடினார்கள். பிறகு திறக்கவே இல்லை. ஒழுங்காகக் கேட்டவர்களுக்கும் சேர்த்தே கதவு அடைபட்டது.

கிரேட்ஸ்.ஐஓவில் உள்ள எல்லாப் பெட்டிகளின் விவரமும் வேண்டும் என்பவர் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டியதில்லை. தரவுத்தளத்தின் நகலையே நாள்தோறும் வெளியிடுகிறார்கள். அதை இறக்கிக்கொள்ளலாம்.

என்னுடைய பத்து வரி நிரலை அன்றே அழித்துவிட்டேன். இப்போது மாதம் ஒருமுறை எங்கள் பெட்டிகளைப் பற்றி அந்த நிரலகத்தின் வழியே விசாரிக்கிறேன். பெயர் இருக்கும் இடத்தில் எங்கள் குழுவின் மின்னஞ்சல் முகவரியும் இருக்கிறது. தவறு செய்தால் எங்களிடம் சொல்ல அவர்களுக்கும் ஒரு வழி வேண்டுமல்லவா?