மனநல மருந்துகளும் செவிலியர் பராமரிப்பும்: சென்னை மேற்குப் புறநகர்ச் சூழலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மனநோய்களுக்கான மருந்துகள் பயனளிப்பதும் பயனளியாமல் போவதும் மருந்தின் வேதித்தன்மையை மட்டும் பொறுத்தவை அல்ல. நோயரும் குடும்பத்தாரும் அம்மருந்தை என்ன பெயரிட்டு அழைக்கின்றனர், எந்த வேலைச்சூழலில் உட்கொள்கின்றனர், உடலில் தோன்றும் மாற்றங்களை எச்சொற்களால் கூறுகின்றனர் என்பவற்றையும் அவை பொறுத்தவை. இவ்விடைவெளியில் பணியாற்றுபவர் செவிலியர். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய தொழிற்பகுதிகளின் வாழ்நிலையைக் கருத்திற்கொண்டு, முதன்மையான மனநோய்கள், அவற்றுக்கான மருந்துகள், அவற்றையொட்டிய செவிலியர் பராமரிப்பு ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. மருந்து குறித்த விளக்கம் நோயரின் பேச்சுவழக்கிலிருந்து தொடங்க வேண்டும் என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: மனநலச் செவிலியம், மனச்சிதைவு, இருமுனையப் பிறழ்வு, லித்தியம், பக்கவிளைவு, பத்தியம், மேற்குப் புறநகர்

முன்னுரை

தேசிய மனநல மற்றும் நரம்பு அறிவியல் நிறுவனம் (நிம்ஹான்ஸ்) 2015–16இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பை நடத்தியது. வயதுவந்தோருள் 10.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்புடன் வாழ்கின்றனர் என்று அது மதிப்பிட்டது. பாதிப்புற்றோருள் பெரும்பகுதியினருக்குச் சிகிச்சை சென்றுசேரவில்லை என்பதும் அதன் முடிவு. இச்சிகிச்சை இடைவெளி பெரும்பாலும் மருத்துவர் பற்றாக்குறையாகவே பேசப்படுகிறது. ஆனால், மருத்துவரைக் கண்டு மருந்தும் பெற்ற ஒருவர் சில மாதங்களில் அதை நிறுத்திவிடுவதும் ஓர் இடைவெளியே. முதல் இடைவெளியை நிரப்பக் கட்டடமும் பணியிடமும் வேண்டும். இரண்டாவதை நிரப்பத் தேவைப்படுவது தெளிவான பேச்சு. அது செவிலியரின் பணி எல்லைக்குள் வருவது.

மேற்குப் புறநகரும் மனநலச் சேவையும்

தமிழ்நாட்டு மனநல மருத்துவ வரலாற்றின் முக்கியமான நிறுவனங்கள் சில இப்பகுதிக்கு எட்டும் தொலைவில் அமைந்துள்ளன. 1794இல் சென்னையில் தொடங்கப்பட்ட மனநோயர் காப்பகம் 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்தது. இன்றைய அரசு மனநலக் காப்பகம் அதன் வளர்ச்சியே. 1961இல் அதன் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற மருத்துவர் எம். சாரதா மேனன், நோயரைப் பூட்டிவைக்கும் முறையிலிருந்து வெளிநோயாளர் சிகிச்சை, தொழிற்பயிற்சி, மறுவாழ்வு ஆகியவற்றை நோக்கி அந்நிறுவனத்தை நகர்த்தியவர். அவர் 1984இல் நிறுவிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம் (ஸ்கார்ஃப்) அண்ணாநகர் மேற்கு விரிவில் இயங்குகிறது. வீடற்று அலையும் மனநோயுற்ற பெண்களுக்காக வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் 1993இல் தொடங்கிய 'பேனியன்' அமைப்பின் காப்பகம் முகப்பேரில் உள்ளது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடி கனரக ஊர்தித் தொழிற்சாலையும் 1960களில் உருவானவை. இவற்றைச் சுற்றி வளர்ந்த சிறு ஆலைகளும் குடியிருப்புகளும் இப்பகுதியின் வாழ்முறையை வகுத்தன. சுழற்சிப் பணி, நாட்கூலி, வெளிமாநிலத் தொழிலாளர், கோடையில் தகிக்கும் தகரக்கூரைப் பட்டறை ஆகியவை இங்கு அன்றாடம். மாத மருந்து வாங்கக் கீழ்ப்பாக்கம் சென்றுவர ஒரு நாள் கூலியை இழக்க நேரும் தொழிலாளிக்கு மருந்துத் தொடர்ச்சி ஒரு பொருளாதார முடிவும் ஆகிறது. மனநல மருந்துகளின் செயற்பாட்டை இச்சூழலில் வைத்துக் காணும்போதுதான் செவிலியர் எதைக் கேட்க வேண்டும், எதை விளக்க வேண்டும் என்பது புலப்படும்.

முதன்மை நோய்களும் மருந்துகளும்

மனச்சிதைவு நோயில் பிறர் கேளாத குரல்களைக் கேட்டல், அடிப்படையற்ற நம்பிக்கைகளை உறுதியாகப் பற்றுதல், சிந்தனைத் தொடர்ச்சி குலைதல், நாளடைவில் ஆர்வமும் செயலூக்கமும் குன்றுதல் ஆகியவை காணப்படும். 1952இல் குளோர்ப்ரோமசின் பயன்பாட்டுக்கு வந்தது முதல் இந்நோய்க்கு மருந்துச் சிகிச்சை உண்டு. ஹாலோபெரிடால், ஃப்ளூஃபெனசின் முதலியவை முதல் தலைமுறை மருந்துகள். ரிஸ்பெரிடோன், ஒலான்சபின், குளோசபின் முதலியவை இரண்டாம் தலைமுறையின. இவற்றுள் பெரும்பாலானவை மூளையில் டோபமைன் எனும் வேதித்தூதின் செயலை மட்டுப்படுத்துபவை.

இருமுனையப் பிறழ்வில் மனவெழுச்சியும் மனச்சோர்வும் மாறிமாறி வரும். லித்தியம், சோடியம் வால்ப்ரோயேட் போன்ற மனநிலைச் சீராக்கிகள் இதற்குரியவை. வால்ப்ரோயேட் கருவிலுள்ள குழந்தைக்கு ஊறுசெய்யக்கூடியது. ஆகவே, கருவுறும் வாய்ப்புள்ள வயதுடைய பெண்ணுக்கு இம்மருந்து எழுதப்பட்டிருப்பின், திருமணம், கருத்தடை, குழந்தைப்பேறு பற்றிய உரையாடலைச் செவிலியர் தவிர்க்கலாகாது.

மனச்சோர்வுக்கும் பதற்றக் கோளாறுகளுக்கும் ஃப்ளூவாக்ஸடின், எஸ்சிடலோபிராம் போன்றவை தரப்படுகின்றன. இவற்றின் பயன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகலாம். வயிற்றுக் குமட்டல், தலைவலி, படபடப்பு போன்ற தொல்லைகளோ முதல் வாரத்திலேயே தோன்றும். பயனுக்கு முன்பே தொல்லை வரும் என்பதை முன்கூட்டிச் சொல்லாதபோது, நோயர் பத்தாம் நாளில் மாத்திரையைக் கைவிடுவது வியப்பன்று.

'தூக்க மாத்திரை' என்னும் பெயர்

பேச்சுவழக்கில் மனநல மருந்துகள் பெரும்பாலும் 'தூக்க மாத்திரை' என்றோ 'நரம்பு மாத்திரை' என்றோ சுட்டப்படுகின்றன. இப்பெயரில் ஒரு மருந்தியல் கோட்பாடே மறைந்துள்ளது: நோய் என்பது உறக்கமின்மை, மருந்தின் வேலை உறங்கவைப்பது, உறக்கம் திரும்பிவிட்டால் மருந்து தேவையில்லை. மனச்சிதைவிலும் மனவெழுச்சியிலும் மருந்து தொடங்கிய சில நாட்களில் முதலில் சீர்படுவது உறக்கமே. குரல்களும் ஐயங்களும் அடங்கப் பல வாரங்கள் ஆகும். மீண்டும் நோய் தலைதூக்காமல் காக்க மேலும் நீண்ட காலம் மருந்து தொடர வேண்டும். பெயரின் வழி நடக்கும் குடும்பம் மருந்தின் முதற்பயனையே முழுப்பயனாகக் கொண்டு நிறுத்திவிடுகிறது.

இப்பெயர் இன்னொரு திசையிலும் தவறாக வழிநடத்துகிறது. லோராசெபாம், டயஸெபாம் போன்ற பென்சோடயஸெபின் வகை மருந்துகள் பழக்கத்துக்கு அடிமையாக்கக்கூடியவை. குறுகிய காலத்துக்கே உரியவை. நெடுநாள் உட்கொண்டபின் திடீரென நிறுத்தினால் வலிப்பும் வரலாம். மனச்சிதைவுக்கான மருந்துகளோ அத்தகைய அடிமைத்தனத்தை உண்டாக்குவன அல்ல. இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பதால், 'பழகிவிடும்' என்ற அச்சம் தொடர வேண்டிய மருந்தின் மீது விழுகிறது. தொடரக் கூடாத மருந்து எளிதாகத் தொடர்கிறது. எனவே, மருந்தைக் கையில் தரும்போது, 'இது உறக்கத்துக்கானதா, குரல் அடங்குவதற்கானதா, கைநடுக்கம் வராமல் தடுப்பதற்கானதா' என ஒவ்வொரு மாத்திரைக்கும் அதன் பணியைச் சொல்லி விளக்குவது செவிலியரின் முதற்பணி ஆகிறது.

பக்கவிளைவைக் கேட்டறிதல்

டோபமைனைத் தடுக்கும் மருந்துகளால் தசை இயக்கக் கோளாறுகள் நேரலாம். அவை தோன்றும் காலம் வேறுபடும். கழுத்து ஒருபுறம் இழுத்துக்கொள்ளுதல், கண்கள் மேல்நோக்கிச் செருகுதல், நாக்குத் தடித்தல் ஆகிய தசை முறுக்கம் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ வரும். நடுக்கமும் விறைப்பும் தளர்நடையும் சில வாரங்களில் வரும். வாயும் நாக்கும் தாமாக அசைந்துகொண்டிருக்கும் நாட்பட்ட இயக்கக் கோளாறு மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழித்துத் தோன்றும்.

இவற்றுள் தசை முறுக்கத்தைப் பேய்பிடித்ததாகவும் வலிப்பாகவும் குடும்பத்தார் கொள்வதுண்டு. ட்ரைஹெக்ஸிஃபெனிடில் போன்ற மருந்தால் தணியும் இத்தொல்லையை முன்பே அறிவிக்காவிடில், மருந்தின் மீதான நம்பிக்கை முதல் வாரத்திலேயே தகர்ந்துவிடும்.

மிக எளிதில் தவறாகப் பொருள்கொள்ளப்படுவது 'இருப்புக்கொள்ளாமை'. 'ஒரு இடத்துல உட்கார முடியல, காலு ஓடிக்கிட்டே இருக்கு' என நோயர் சொல்வார். நோய் முற்றிவிட்டதாக இதைக் கருதி மருந்தளவைக் கூட்டினால் தொல்லையும் கூடும். தாங்கவொண்ணா நிலையில் தற்கொலை எண்ணமும் எழலாம். மனத்தின் பதற்றமா, கால்களின் அமைதியின்மையா என்று பிரித்துக் கேட்கும் ஒரே கேள்வி இங்குச் சிகிச்சையின் திசையை மாற்றுகிறது. மருந்தளவை மாற்றும் அதிகாரம் செவிலியருக்கு இல்லை. ஆனால், மாற்ற வேண்டிய காரணத்தை மருத்துவருக்கு எடுத்துச்செல்லும் வாய்ப்பு அவருக்கே மிகுதி. கடுங்காய்ச்சல், உடல் விறைப்பு, நினைவுத் தடுமாற்றம் ஆகிய மூன்றும் சேர்ந்து காணப்பட்டால் அது உயிருக்கு ஆபத்தான நிலை. மருந்தை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

லித்தியமும் பத்தியமும்

மருந்து தரப்பட்டதும் 'என்ன பத்தியம்?' என வினவுவது தமிழர் மரபு. நவீன மருத்துவத்தில் இவ்வினா பெரும்பாலும் 'பத்தியம் ஒன்றுமில்லை' என்ற விடையுடன் முடிந்துவிடுகிறது. லித்தியத்தைப் பொறுத்தவரை இவ்விடை பிழையானது, ஆபத்தானதும்கூட.

லித்தியத்தின் பயன்தரும் அளவுக்கும் நச்சளவுக்கும் இடைவெளி குறுகியது. பராமரிப்புக் காலத்தில் இரத்தத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருத்தல் வேண்டும், 1.5ஐத் தாண்டும்போது நச்சுக்குறிகள் எதிர்பார்க்கத்தக்கவை. சிறுநீரகம் லித்தியத்தையும் சோடியத்தையும் ஏறத்தாழ ஒரே வகையில் கையாள்கிறது. உடலில் உப்போ நீரோ குறைந்தால் சிறுநீரகம் சோடியத்தை மீளப் பிடித்துவைக்கும்; உடன் லித்தியத்தையும் பிடித்துவைக்கும். அளவு மாறாத மாத்திரையே அப்போது நஞ்சாகிறது.

இதனால், உப்பில்லா விரதம், இரத்த அழுத்தத்துக்காகத் திடீரென உப்பைக் குறைத்தல், நீரருந்தா நோன்பு, வயிற்றுப்போக்கு, அக்னி நட்சத்திர வெயிலில் பட்டறையில் வியர்த்து உழைத்தல் ஆகிய அனைத்தும் செவிலியர் வினாப்பட்டியலில் இடம்பெற வேண்டியவை. உடல்வலிக்கு மருந்துக்கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் போன்றவையும் லித்திய அளவை உயர்த்துவன. வலிக்கு மருந்து தேவையெனில் பாரசிட்டமால் பாதுகாப்பானது. இரத்த அழுத்தத்துக்கான சிலவகை மாத்திரைகளும், குறிப்பாகச் சிறுநீர்ப்பெருக்கிகளும், இவ்விளைவை உண்டாக்கும். வாந்தி, வயிற்றுப்போக்கு, கைகளில் கரடுமுரடான நடுக்கம், தள்ளாட்டம், பேச்சுக் குழறல் ஆகியவை நச்சுக்குறிகள். தள்ளாடி நடக்கும் தொழிலாளியைக் குடிபோதையில் இருப்பதாக எண்ணி விட்டுவிடும் வாய்ப்பு உண்டு என்பதால் குடும்பத்தார்க்கும் உடன்பணியாளர்க்கும் இக்குறிகளைச் சொல்லிவைப்பது உயிர்காக்கும்.

ஆகவே, 'பத்தியம் உண்டு, உப்பைத் திடீரெனக் குறைக்கவும் கூடாது, கூட்டவும் கூடாது, நீரை விடக்கூடாது, சொந்தமாக வலி மாத்திரை போடக்கூடாது' என விடையளிப்பதே தகும். மரபு தந்த ஒரு சொல்லே புதிய மருந்துக்குப் பாதுகாப்பு விதியாகிவிடுகிறது. இரத்தப் பரிசோதனைக்கு, கடைசியாக மாத்திரை உட்கொண்ட 12 மணி நேரத்துக்குப் பின் மாதிரி எடுக்க வேண்டும் என்பதையும் உடன் விளக்குதல் வேண்டும்.

ஆலைப் பணியும் மருந்து நேரமும்

இருமுனையப் பிறழ்வு உடையோர்க்கு உறக்கக் குலைவு மனவெழுச்சியைத் தூண்டும் காரணிகளுள் ஒன்று. வாரம்தோறும் மாறும் பணிநேரம் இவர்களைத் தொடர்ந்து அந்த விளிம்பில் நிறுத்துகிறது. 'இரவு ஒரு மாத்திரை' என்ற குறிப்பு இரவுப் பணி செய்பவருக்குப் பொருந்தாது. அதை அப்படியே பின்பற்றினால் அழுத்துப்பொறியின் முன் அவர் தூங்கிவழிவார். பின்பற்றாவிடில் மருந்து விடுபடும். நோயரின் பணிநேரத்தை முதலில் கேட்டு, 'உறங்கச் செல்லுமுன்' எனக் குறிப்பை மாற்ற இயலுமா என மருத்துவரிடம் வினவுவது செவிலியருக்குக் கடினமன்று. இயன்றவரை பகற்பணியைப் பெறுவதற்கான மருத்துவச் சான்றும் சிகிச்சையின் ஒரு பகுதியாகக் கொள்ளத்தக்கது.

மாத்திரையைப் பிறர்முன் உட்கொள்ள இயலாத விடுதிவாசிகளுக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இடப்படும் நீடித்த செயலுடைய ஊசிமருந்து உதவலாம். மறைத்து உட்செலுத்துவதற்கான வழியாக அது அமையக் கூடாது. நோயரின் ஒப்புதலுடனேயே இடப்பட வேண்டும்.

ஒலான்சபின், குளோசபின் ஆகியவை பசியையும் எடையையும் கூட்டி நீரிழிவுக்கு வழிவகுக்கக்கூடியவை. எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்தச் சர்க்கரை ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே குறித்துவைத்தால்தான் பின்னைய மாற்றம் தெரியும். குளோசபின் வெள்ளணுக்களைக் குறைக்கக்கூடுமாதலால் தொடக்கத்தில் வாரந்தோறும் இரத்தப் பரிசோதனை கட்டாயம். தொண்டைவலியும் காய்ச்சலும் வந்தால் காத்திராமல் வர வேண்டும். இதன் மற்றொரு கேடு கடும் மலச்சிக்கல். கூச்சத்தால் நோயர் சொல்லாமல் விடுவது இதையே, கேளாமல் தெரியவராது. புகைப்பழக்கம் இவ்விரு மருந்துகளின் அளவையும் குறைக்கிறது. ஆகவே, உள்நோயாளராகி புகைப்பதை நிறுத்தியவருக்கு அளவு உயரலாம் என்பதையும் கவனத்தில் கொள்ள வேண்டும்.

சட்டமும் மொழியும்

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. நோயின் தன்மை, திட்டமிட்ட சிகிச்சை, அதன் அறியப்பட்ட பக்கவிளைவுகள் ஆகியவற்றை நோயர் தமக்குப் புரியும் மொழியிலும் வடிவிலும் பெறுவதற்கான உரிமையை இச்சட்டத்தின் 22ஆம் பிரிவு வழங்குகிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயர் தீயில் கருகிய நிகழ்வுக்குப் பின், மனநோயரின் உரிமை பற்றிய உரையாடல் இந்நாட்டில் வலுப்பெற்றது. பிணைப்பின்மை அவ்வுரிமையின் தொடக்கம் என்றால், தம் உடலுக்குள் செல்லும் மருந்தைத் தாமே அறிதல் அதன் தொடர்ச்சி.

இங்கு 'புரியும் மொழி' என்பது தமிழ் என்று மட்டும் பொருள்படாது. அம்பத்தூரில் பணியாற்றும் ஒடியா, இந்தி மொழித் தொழிலாளிக்கும் அவ்வுரிமை உண்டு. தமிழ் பேசுவோர்க்கும் கலைச்சொல் தமிழ் புரியும் மொழியாவதில்லை. 'இருமுனையப் பிறழ்வு' நூலுக்கும் ஆய்வுக்கும் இன்றியமையாத சொல். படுக்கையருகே 'மனசு ஒரேயடியா மேல ஏறுறதும் கீழ எறங்குறதும்' என்பதே விளக்கமாகும். இரு வழக்கையும் அறிந்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்லும் திறனைச் செவிலியர் கல்வியின் பகுதியாக்க வேண்டும். தமிழ்த்துறைகளும் செவிலியர் கல்லூரிகளும் இணைந்து ஆற்றத்தக்க பணி இது.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படுவன:

1. ஒவ்வொரு மாத்திரையின் பணியையும் தனித்தனியே சொல்லி, 'தூக்க மாத்திரை' என்ற பொதுப்பெயரின் மயக்கத்தைக் களைதல் வேண்டும்.

2. பயனுக்கு முன் தோன்றும் தொல்லைகளை மருந்து தொடங்கும் நாளிலேயே அறிவித்தல் வேண்டும்.

3. லித்தியம் உட்கொள்வோர்க்கு உப்பு, நீர், வெயில், நோன்பு, வலி மாத்திரை ஆகியன பற்றிய அறிவுரையைப் பத்தியம் என்ற மரபுச்சொல் வழியே வழங்கலாம்.

4. மருந்து நேரத்தை நோயரின் பணிநேரத்தோடு பொருத்துதல் வேண்டும்.

5. 2021 முதல் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகளை இல்லங்களுக்குக் கொண்டுசெல்லும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டப் பணியாளர்கள், 'மனநல மருந்து ஏதேனும் உட்கொள்கிறீர்களா?' என்ற வினாவையும் சேர்த்துக் கேட்டால், மருந்துகளின் மோதலையும் மருந்து விடுபடுதலையும் தொடக்கத்திலேயே கண்டறியலாம். நெருக்கடியில் உள்ளோர்க்கு 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணையும் அவர்கள் தெரிவிக்கலாம்.

இவற்றுள் எதற்கும் புதிய மருந்தோ புதிய கட்டடமோ தேவையில்லை. நோயர் சொல்லும் சொல்லுக்குச் செவிகொடுக்கும் நேரத்தைச் செவிலியருக்கு ஒதுக்கும் பணியமைப்பே தேவை. எழுதப்பட்ட மருந்துச்சீட்டு உட்கொள்ளப்படும் மருந்தாக மாறுவது அந்நேரத்தில்தான்.