புகையாய்ப் போன போர்க்கப்பல்

டேவிட் வெபரின் ‘ஹானர் ஹாரிங்டன்’ நாவல் வரிசையில், விண்கப்பலின் மேலும் கீழும் எந்த ஆயுதமும் துளைக்க முடியாத ஈர்ப்புக் கவசம் உண்டு. முன்னும் பின்னும் திறந்தே கிடக்கும். அந்தத் திறப்புக்கு நேரே முதலில் வந்து சுடுபவருக்கே வெற்றி வாய்ப்பு. ஆகவே, அடுத்த போரை ஊகிக்கும் வாசகர்கள் முடுக்கம், தூரம், ஏவுகணை வேகம் என்று கணக்கிலேயே இறங்கிவிடுகிறார்கள்.

அப்படிக் கப்பலின் எடையைக் கன அளவால் வகுத்தபோது, அடர்த்தி வெறும் புகையளவுக்கே வந்தது. கப்பல்களின் அளவுகள் பின்னர் சுருக்கப்பட்டன. வாசகருக்கு இதைவிடப் பெரிய மரியாதை ஏது!

ஆனால், போர்க் கணக்கைப் போலக் கதைப்போக்கை ஊகிப்பது எளிதல்ல. இந்த வரிசையில் 2005இல் வெளியான ‘அட் ஆல் காஸ்ட்ஸ்’ நாவலில் வரும் மான்டிகோர் போரில் நாயகி ஹானரைச் சாகடிக்கவே வெபர் முதலில் திட்டமிட்டிருந்தார். சக எழுத்தாளர் எரிக் ஃபிளின்ட் இதே கதையுலகில் எழுதிய கதையால் நிகழ்வுகளின் காலவரிசை முன்னே நகர்ந்தது; அதனால் அவள் பிழைத்தாள்.