கடுகளவு விளக்கு சொல்லும் சேதி

கம்ப்யூட்டர் கிளம்ப மறுத்தாலோ தாமதித்தாலோ, கோளாறு எங்கே என்பதை மதர்போர்டே காட்டிக் கொடுக்கிறது. படிக்கத் தெரிந்தால் பணமும் மிஞ்சும், கோப்புகளும் மிஞ்சும்.

பட்டனை அழுத்தியாகிவிட்டது. பெட்டிக்குள் மின்விசிறி சுற்றுகிறது. திரையில் மட்டும் இருட்டு. பக்கவாட்டுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தால் மதர்போர்டின் ஓரத்தில் கடுகளவு விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருக்கிறது. அடுத்த அரை மணி நேரத்தில் பெட்டி ஆட்டோவில் ஏறிவிடுகிறது.

தில்லியில் நேரு பிளேஸ், மும்பையில் லேமிங்டன் ரோடு, பெங்களூரில் எஸ்.பி. ரோடு, சென்னையில் ரிச்சி தெரு. ஊர் எதுவானாலும் அவசரத்தில் வழங்கப்படும் தீர்ப்புகள் இரண்டு. போர்டு போய்விட்டது என்பது ஒன்று. ஃபார்மட் போட்டுவிடலாம் என்பது இன்னொன்று. முதல் தீர்ப்புக்குச் சில ஆயிரம் ரூபாய் அபராதம். இரண்டாவதில் கடைக் கணக்கும் குடும்பப் புகைப்படங்களும் பறிபோகலாம். இரண்டுமே தேவைப்படாமல் போகக்கூடும் என்பதைச் சொல்லத்தான் அந்த விளக்கு இருக்கிறது.

விளக்குக்குப் பின்னால் நீண்ட பரம்பரை உண்டு. 1981இல் ஐபிஎம் தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோதே, மின்சாரம் வந்ததும் இயந்திரம் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் ஏற்பாடு அதில் இருந்தது. எல்லாம் சரியென்றால் ஒரு சின்ன ‘பீப்’. கோளாறென்றால் சத்தத்தின் எண்ணிக்கையும் நீளமும் மாறும். பிறகு, சோதனையின் ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டு இலக்கக் குறியீடாகக் காட்டும் சிறு அட்டைகள் மெக்கானிக்குகளின் கைக்கு வந்தன. இன்று பல மதர்போர்டுகளில் ஸ்பீக்கரே இல்லை. அந்த வேலையை நான்கு விளக்குகள் ஏற்றிருக்கின்றன. ஏசுஸ் அதை ‘க்யூ-எல்இடி’ என்கிறது. எம்எஸ்ஐ ‘ஈஸி டீபக் எல்இடி’ என்கிறது. நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் அதை நம்பிப் பயனில்லை. விளக்கருகே அச்சிட்டிருக்கும் சொல்தான் முக்கியம்: சிபியு, டிராம், விஜிஏ, பூட்.

பட்டனை அழுத்தியதும் இவை மாறி மாறி எரிந்து அணைவது இயல்பு. ஏதாவது ஒன்று அணையாமல் நின்றால்தான் கவலை. அப்போதும் அந்தப் பாகம் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. ரயில் எந்த ஸ்டேஷனில் நின்றது என்று விளக்கு சொல்கிறது. ஏன் நின்றது என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

எந்த விளக்கு, என்ன காரணம்?

சிபியு விளக்கு நின்றால், பிராசஸருக்கு மின்சாரம் தரும் தனி ஒயர் சரியாகச் செருகப்படாமல் இருக்கலாம். பழைய போர்டில் புதிய பிராசஸரைப் பொருத்தியிருந்தால், அதை அடையாளம் காணும் அளவுக்கு பயாஸ் புதுப்பிக்கப்படாமல் இருக்கலாம்.

டிராம் என்பது ராம் நினைவகம். தூசியும் ஈரக்காற்றும் படிந்த வீடுகளில் ராம் பட்டையின் தொடர்பு முனைகள் மங்கிவிடுவதுண்டு. மின்சாரத்தை அடியோடு துண்டித்து, பட்டையைக் கழற்றி, முனைகளைத் துடைத்து, ‘கிளிக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்திப் பொருத்தினால் பல சமயம் வேலை முடிந்தது. இரண்டு பட்டைகள் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம்.

விஜிஏ விளக்குக்குப் பின்னால் வேடிக்கையான காரணமும் இருக்கும். விலை குறைவென்று வாங்கப்படும், பெயர் ‘எஃப்’ என்று முடியும் இன்டெல் பிராசஸர்களில் படம் காட்டும் வசதி கிடையாது. மானிட்டர் ஒயரை கிராஃபிக்ஸ் கார்டில் செருகாமல் மதர்போர்டில் செருகினால் திரை இருண்டே கிடக்கும்.

பூட் விளக்கு நின்றால், விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கைக் காணவில்லை என்று பொருள். தளர்ந்த ஒயர், மறந்துபோய்ச் செருகி வைத்த பென் டிரைவ், சாகும் தறுவாயில் இருக்கும் ஹார்டு டிஸ்க் என எதுவாகவும் இருக்கலாம்.

புது இயந்திரம் வாங்குபவர்களைக் கலங்கடிப்பது இன்னொரு விஷயம். டிடிஆர்5 ராம் பொருத்திய கம்ப்யூட்டர் முதல் முறை கிளம்பும்போது, ராமுக்கும் பிராசஸருக்கும் ஒத்துப்போகும் வேகத்தையும் நேரத்தையும் தானே கணித்துக்கொள்கிறது. அதுவரை டிராம் விளக்கு எரியும், திரை இருட்டாகவே இருக்கும். 2022இல் ஏஎம்டியின் ஏஎம்5 ரக போர்டுகள் வந்தபோது, 128 ஜிபி ராம் போட்டால் 400 விநாடி வரை ஆகலாம் என்று ஒரு கம்பெனி ஸ்டிக்கரே ஒட்டி அனுப்பியது. பொறுமையிழந்து நடுவில் மின்சாரத்தை நிறுத்தினால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கணித்ததை நினைவில் வைத்துக்கொள்ளும் ‘மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர்’ வசதி இருந்தால் அடுத்தடுத்த முறை காத்திருப்பு குறையும்.

சின்னத்துக்கு முன்பா, பின்பா?

இயந்திரம் கிளம்புகிறது, ஆனால் ஆமை வேகத்தில் என்றால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: தாமதம் விண்டோஸ் சின்னம் தோன்றுவதற்கு முன்பா, பின்பா?

விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் ‘ஸ்டார்ட்அப்’ பகுதிக்குப் போனால், பயாஸ் எடுத்துக்கொண்ட நேரம் பல கம்ப்யூட்டர்களில் விநாடிக் கணக்கில் காட்டப்படும். அது மிக அதிகமென்றால் தாமதம் வன்பொருளில் அல்லது பயாஸ் அமைப்பில். அங்கே ஃபார்மட் போடுவது வயிற்றுவலிக்கு முடிவெட்டுவது போல. வெளியே செருகியிருக்கும் டிஸ்க்குகளையும் பென் டிரைவ்களையும் எடுத்துவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். சின்னத்துக்குப் பிறகுதான் இழுக்கிறது என்றால், தானாகத் தொடங்கும் புரோகிராம்களின் பட்டியலைக் குறைக்கலாம். சுழலும் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி போடுவது பழைய இயந்திரத்துக்கும் புத்துயிர் தரும். ஹார்டு டிஸ்க்கின் மேலேயே சந்தேகம் இருந்தால் எதையும் தொடும் முன் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுப்பதே முதல் வேலை.

நம் வீடுகளில் கம்ப்யூட்டரை அணைத்ததும் சுவர் சுவிட்சையும் அணைக்கும் பழக்கம் உண்டு. அந்த நேரமெல்லாம் போர்டின் கடிகாரம் ஓடுவது நாணயம் போன்ற மூன்று வோல்ட் பேட்டரியில். அது தீர்ந்தால் தேதி பல ஆண்டுகள் பின்னே போகும், அமைப்புகள் அழியும், பாங்க் இணையதளங்கள்கூடத் திறக்க மறுக்கும். சிஆர்2032 என்று கேட்டால் கிடைக்கும் இந்தப் பேட்டரியை மாற்றினால் போதும், தேதியைத் திருத்திவிடலாம்.

விளக்கு எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. கருகிய வாசனை வந்தாலோ, சாக்கெட் பின் வளைந்திருந்தாலோ, வாரன்டி காலம் மீதமிருந்தாலோ பெட்டியைத் திறக்காமல் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோவதே விவேகம். ஆனால் போகும்போது எந்த விளக்கு நின்றது, எத்தனை விநாடி, சின்னத்துக்கு முன்பா பின்பா என்ற மூன்று தகவல்களோடு போகலாம். செல்போனில் அதைப் படமெடுத்துக் கொண்டுபோனால் இன்னும் நல்லது. எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரிந்த நோயாளிக்கு யாரும் காரணமில்லாமல் அறுவை சிகிச்சை செய்துவிட முடியாது.