வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பயிற்சி மருத்துவர்: தொழில் கற்பது எப்படி?

2020 மார்ச்சில் பிரிட்டனில் கரோனா பரவியபோது, தொற்று வந்தால் உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் இருந்தவர்கள் வீட்டைவிட்டு வெளியே வர வேண்டாம் என்று அரசு அறிவுறுத்தியது. உறுப்புமாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் உள்ளிட்ட அந்தப் பட்டியலில் பயிற்சி மருத்துவர்கள் சிலரும் இருந்தார்கள். வீட்டிலிருந்தே மருத்துவம் பார்க்கலாம். ஆனால், கற்பது எப்படி?

என்ன வேலை செய்தார்கள்?

தொலைபேசியில் புறநோயாளிகளிடம் பேசினார்கள். பரிசோதனை முடிவுகளைச் சரிபார்த்தார்கள். வார்டில் இருப்பவர்களின் நிலவரத்தை உறவினர்களுக்குச் சொன்னார்கள். ஆக்சிமீட்டருடன் வீட்டில் இருந்த கரோனா நோயாளிகளைக் கண்காணித்தார்கள்.

எதை இழந்தார்கள்?

வார்டில் பாதிப் பாடம் அட்டவணைக்கு வெளியே நடக்கும். பெரிய டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்க்கும் விதம், “இன்னொரு தடவை பிபி பாருங்க டாக்டர்” என்னும் அனுபவமுள்ள செவிலியரின் குரல் எல்லாமே பாடம்தான். வீட்டில் அழைப்பை முடித்த பிறகு, “ஏன் அந்த முடிவுக்கு வந்தீங்க?” என்று கேட்க ஆள் இல்லை.

தொலைபேசியில் கற்க என்ன இருக்கிறது?

நோயாளி “மூச்சு வாங்குது” என்கிறார். ஸ்டெதஸ்கோப் வைக்க வழியில்லை. அவரால் ஒரு வாக்கியத்தை இடையில் நிறுத்தாமல் சொல்ல முடிகிறதா, நேற்று ஏறிய மாடிப்படியை இன்று ஏற முடிகிறதா என்று கவனிக்க வேண்டும். ஒரே மூச்சில் 1 முதல் 30 வரை எண்ணச் சொல்லும் ‘ராத் ஸ்கோர்’ முறை சுலபமாகத் தோன்றும். ஆனால் அதை நம்ப வேண்டாம் என்று ஆக்ஸ்போர்டு பேராசிரியர் டிரிஷா கிரீன்ஹால் உள்ளிட்டோர் 2020-லேயே எச்சரித்தார்கள். இந்த நுணுக்கங்கள் பிடிபட வேண்டுமானால், நோயாளியின் சம்மதத்துடன் மேற்பார்வையாளரும் அதே அழைப்பில் இருந்து கேட்க வேண்டும். முடிந்ததும் இருவரும் ஐந்து நிமிடம் பேச வேண்டும்.

மதிப்பீடு எப்படி நடந்தது?

பிரிட்டனில் பயிற்சி மருத்துவர்களின் முன்னேற்றம் ஆண்டுதோறும் மதிப்பிடப்படுகிறது. பெருந்தொற்றால் மட்டுமே பின்தங்கியவர்களுக்கு 2020-ல் தனி முடிவு வகை உருவாக்கப்பட்டது. பின்தங்கியது அவர்கள் தவறாகக் கருதப்படவில்லை. குடும்ப மருத்துவர் பயிற்சியில், நடிகர்களை நோயாளிகளாக வைத்து லண்டனில் நடத்திய நேரடித் தேர்வு நின்றது. அதற்குப் பதிலாக, உண்மையான ஆலோசனைகளின் ஒலி, காணொலிப் பதிவுகள் மதிப்பிடப்பட்டன. 2023 நவம்பரில் வந்த புதிய தேர்வை, பயிற்சி பெறும் கிளினிக்கில் இருந்தபடியே இணையம் வழியாக எதிர்கொள்கிறார்கள்: 12 ஆலோசனைகள், ஒவ்வொன்றுக்கும் 12 நிமிடம்.

எதற்கு மருத்துவமனைக்கே வர வேண்டும்?

முதுகுத் தண்டுவட நீர் எடுப்பது, பிரசவம் பார்ப்பது போன்ற கைவேலைகளைத் திரையில் பழக முடியாது. விட்டுப்போனவற்றைப் பட்டியலிட்டு, முதலில் பொம்மையிலும் பிறகு மேற்பார்வையிலும் செய்யவைத்த பின்னரே முழு டியூட்டி தர வேண்டும். நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்புவோருக்கு உதவும் திட்டம் இங்கிலாந்தில் கரோனாவுக்கு முன்பே இருந்தது.

முக்கியத் தேவை எது?

மடிக்கணினியை ஒரே நாளில் வாங்கிவிடலாம். மேற்பார்வையாளரின் நேரம்தான் கிடைப்பதில்லை. ஒரு பயிற்சியாளருக்கு வாரம் சுமார் ஒரு மணி நேரம் என்பது பிரிட்டனில் பரவலாகச் சொல்லப்படும் அளவு. அந்த ஒரு மணி நேரம் டியூட்டிப் பட்டியலில் ஏற வேண்டும்; ‘நேரம் கிடைக்கும்போது பார்க்கலாம்’ என்று விட்டால், வீட்டில் இருப்பவரைத்தான் முதலில் மறப்பார்கள்.